அப்பா குளிசை போடுகிறார், சீனி ஏன் இறங்கவில்லை?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. பத்து வருடமாகச் சீனி வருத்தம். பாலையூற்றிலிருந்து மாதா மாதம் கிளினிக் போகிறார். சீனி குறையவில்லை, குளிசைதான் கூடுகிறது. லண்டனில் இருக்கும் அக்கா, அங்கே டொக்டரோடு 'ஹெல்த் கோச்' என்று ஒருவரும் இருப்பதாகச் சொல்கிறா. அவரால் என்ன பிரயோசனம்? – வாசகி, திருகோணமலை

பதில்: ஹெல்த் கோச் டொக்டர் அல்ல. மருந்து எழுதமாட்டார், நோய் என்னவென்று தீர்மானிக்கவும் மாட்டார். டொக்டர் சொன்னதற்கும் வீட்டில் நடப்பதற்கும் நடுவில் என்ன ஒளிந்திருக்கிறது என்று தேடுவதுதான் அவருடைய வேலை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். உப்புவெளிப் பக்கத்துக் கடற்தொழிலாளி ஒருவர். வரும்போதெல்லாம் "குளிசை ஒழுங்காகப் போடுறீங்களா?" என்பேன். "ஓம் டொக்டர்." சீனி குறையாததால் மெட்போமின் என்ற சீனிக் குளிசையைக் கூட்டினேன், கிளிக்லசைட் என்ற இன்னொன்றையும் சேர்த்தேன். ஒருநாள் காலில் புண்ணுக்கு மருந்து கட்டிய தாதி, "காலைக் குளிசையை எத்தனை மணிக்குப் போடுவீங்கள் ஐயா?" என்று கேட்டிருக்கிறா. விடியப்புறம் வள்ளம் இறங்கும் மனிதர், மெட்போமின் போட்டால் வயிற்றால் போகிறது, நடுக்கடலில் எங்கே போவது? மாதக்கணக்காக அவர் காலைக் குளிசையைத் தொடவேயில்லை. கிளினிக் கொப்பியில் மருந்து ஏறிக்கொண்டே போனது, வயிற்றுக்குள் போகவில்லை. அவரை வார்டில் சேர்த்து எல்லாவற்றையும் ஒழுங்காகக் கொடுத்திருந்தால் சீனி ஆபத்தான அளவுக்குப் படுபாதாளத்துக்கு இறங்கியிருக்கும். மெதுவாகக் கரையும் குளிசையை இராச் சாப்பாட்டோடு கொடுத்ததும் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. பிழை என்னுடையது. 'ஓம்' என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேட்டால் வேறென்ன வரும்?

அந்தத் தாதி கேட்ட மாதிரிக் கேட்கப் பழகியவர்தான் கோச். "டொக்டர் சொன்னதை வீட்டில் எப்படிச் சொல்லுவீங்கள்?" என்று திருப்பிச் சொல்லவும் வைப்பார். நாலு தேத்தண்ணியில் இரண்டைச் சீனி இல்லாமல் குடிப்பது போன்ற சின்ன இலக்கை நோயாளியே தெரிவு செய்ய வேண்டும். செய்து முடிப்பேன் என்ற நம்பிக்கை பத்துக்கு எத்தனை? ஏழுக்குக் கீழே என்றால் இலக்கை இன்னும் சின்னதாக்குவார்கள்.

மந்திரம் ஒன்றுமில்லை. சான் பிரான்சிஸ்கோவில் 441 பேரோடு ஒரு வருடம் நடத்திய ஆய்வில், கோச் இருந்தவர்களில் கூடுதலானோருக்குச் சீனி கட்டுக்குள் வந்தது. பிரஷரில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை.

சரி, இங்கே என்ன செய்யலாம்? அந்தப் பெயரில் ஆள் தேட வேண்டாம். உங்கள் பகுதி வைத்தியசாலையில் பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தர் இருந்தால் அவரிடம் ஆறுதலாகக் கதையுங்கள். அடுத்த கிளினிக்குக்கு நீங்களும் கூடப் போங்கள். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் குளிசைகள், நாட்டு மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். அதுவரை எதையும் நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். திடீரென்று வியர்த்து, கை நடுங்கினால் சீனி அளவுக்கு மீறி இறங்கியிருக்கலாம்; சீனித் தண்ணீர் கொடுத்துவிட்டு உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள்.

கிளினிக்கில் அப்பா வழமைபோல "ஓம் டொக்டர்" என்று தலையாட்டினால், பையை மேசையில் கொட்டிவிடுங்கள்.