கேள்வி பதில்: புதுப் பாடத்திட்டமும் பழைய நோட்ஸும்

கேள்வி: புதுச்சேரியில் ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருக்கிறேன். சிபிஎஸ்இ வந்த பிறகும் பாதி ஆசிரியர்கள் பழைய சமச்சீர் நோட்ஸை வைத்தே ஓட்டுகிறார்கள். கேட்டால், "புத்தகத்த மாத்திட்டா போதுமா மேடம், பிள்ளைங்களுக்குப் புரிய வேணாமா" என்கிறார்கள். கண்டிப்பதா, விட்டுவிடுவதா?
– பெயர் வேண்டாம், பாகூர்

பதில்: அவர்கள் கேட்பது நியாயம்தான் மேடம். 2023-24ல் 6 முதல் 9 வரைக்கும் 11க்கும் ஒரே மூச்சில் மாற்றினார்கள், 2025லேயே பொதுத்தேர்வும் வந்துவிட்டது. அதனால் மெமோ கொடுக்காதீர்கள், விட்டும்விடாதீர்கள். 9, 10ஆம் வகுப்பு வினாத்தாளில் பாதி, படித்ததை வேறு இடத்தில் பொருத்திப் பார்க்கச் சொல்லும் கேள்விகள். பழைய நோட்ஸை ஒப்பிப்பது அங்கே கைகொடுக்காது.

கடலூர் பக்கம் ஒரு வகுப்பில் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் எதிரொளிப்பு பாடத்தை ஆங்கிலத்தில் தடங்கலில்லாமல் வாசித்தாள், என்ன புரிந்தது என்றதும் தலையைக் குனிந்துகொண்டாள். டீச்சர் சாப்பாட்டுப் பையிலிருந்து எவர்சில்வர் கரண்டியை எடுத்து நீட்டினார். "மூஞ்சி தலைகீழா தெரியுது மிஸ்!" திருப்பிப் பிடித்தாள், நேராகத் தெரிந்தது. இரண்டையும் அவள் சொன்ன தமிழிலேயே போர்டில் எழுதிவிட்டு, அப்புறம்தான் கான்கேவ், கான்வெக்ஸ் என்று பக்கத்தில் எழுதினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தமிழில் விளக்குவதில் தப்பே இல்லை, இந்திய மொழிகளிலும் நடத்தலாம் என்று சிபிஎஸ்இயே 2023 ஜூலையில் சுற்றறிக்கை விட்டது. பிள்ளை எழுதப்போகும் தாளில் இருக்கும் ஆங்கிலச் சொல் மட்டும் கூடவே வந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது, வாரத்தில் ஒரு பீரியடை அந்தந்தப் பாட ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார ஒதுக்குவது. பழைய நோட்ஸையும் புதுப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது அப்படியே உதவும், எது புதுசு என்று பென்சிலால் குறிக்கட்டும், பத்து வருஷ உழைப்பைத் தூக்கிப்போடச் சொன்னால் யாருக்குத்தான் மனசு வரும்? அந்த நேரத்தில் ஆபீஸ் ரிஜிஸ்டர் எதையும் அவர்களிடம் நீட்டாதீர்கள். நீங்களும் ஒரு வகுப்புக்குப் பாடம் எடுங்கள், எட்டாம் வகுப்பாக இருந்தால் நல்லது. தடுமாறினால் ஸ்டாஃப் ரூமில் வந்து சொல்லுங்கள்; ஹெச்எம்மே இந்த இடத்தில் திணறினார் என்று தெரிந்தால், மற்றவர்களும் தங்களுக்குப் புரியாத பக்கத்தைத் திறந்து காட்டுவார்கள்.