மெஷ் வாங்கிய பிறகு கணினிகள் ஒன்றையொன்று காணவில்லை

கேள்வி: எங்களுடையது செந்தூலில் இரண்டு மாடி வரிசை வீடு. மேல் அறைகளில் வைஃபை சரியாக வராததால், பல பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்க வைஃபை பரப்பும் மெஷ் செட் ஒன்று வாங்கி மாட்டினோம். இப்போது எல்லா அறையிலும் இணையம் நன்றாக வருகிறது. ஆனால் மாடியில் இருக்கும் மடிக்கணினியில், கீழ்க் கணினியின் ஷேர்டு ஃபோல்டரும் தெரியவில்லை, பிரிண்டரும் தெரியவில்லை. இரண்டிலும் விண்டோஸ் 11. கடையில் கேட்டால், இன்னும் விலை கூடிய மாடலுக்கு மாறச் சொல்கிறார்கள். மாற்றலாமா? இல்லை, இதைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். எல்லா அறையிலும் இணையம் வருகிறதென்றால் மெஷ் தன் வேலையைச் செய்கிறது. விலை கூடிய மாடலை இதே மாதிரி மாட்டினால் இதே கோளாறுதான் திரும்ப வரும். உங்களிடம் இன்னொரு பெட்டியை விற்பதற்கு முன், கடைக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்: இணைய நிறுவனம் கொடுத்த பழைய ரவுட்டர் இன்னும் ஓடுகிறதா?

அது ஓடுகிறது என்றே நினைக்கிறேன். மெஷ் செட்டும் பெரும்பாலும் ரவுட்டராகவே அமைக்கப்பட்டு வருகிறது. ஒரு ரவுட்டருக்குப் பின்னால் இன்னொன்றை மாட்டினால் வீட்டுக்குள் இரண்டு தனித்தனி நெட்வொர்க் உருவாகிவிடும். மாடி மடிக்கணினி மெஷ்ஷிலும் கீழ்க் கணினி பழைய ரவுட்டரிலும் இருந்தால், இணையம் இரண்டுக்கும் கிடைக்கும், கணினிகள் மட்டும் ஒன்றையொன்று காணாது. சோதிப்பது எளிது. இரண்டு கணினியிலும் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் ஐபிவி4 முகவரியை (நெட்வொர்க்கில் அந்தக் கணினிக்குரிய எண்ணை) பாருங்கள். ஒன்றில் 192.168.1.5, மற்றதில் 192.168.68.10 என்பதுபோல மூன்றாவது எண் வேறாக இருந்தால் காரணம் அதுதான். இதில் பலரைக் குழப்பும் ஒன்று உண்டு. கீழ்க் கணினியின் முகவரியை மாடியில் தட்டினால் சில சமயம் ஃபோல்டர் திறக்கும், கீழிருந்து மேலே மட்டும் போகவே முடியாது. மெஷ், தன் பக்கமிருந்து கேட்டதற்கு வரும் பதிலை உள்ளே விடும், வெளியிலிருந்து புதிதாக வருவதைத் தடுத்துவிடும்.

மெஷ்ஷின் கைப்பேசிச் செயலியில் 'ஆக்சஸ் பாயிண்ட்' முறைக்கு மாற்றுங்கள். அப்போது மெஷ் வைஃபையை மட்டும் பரப்பும், ரவுட்டர் வேலையைப் பழைய ரவுட்டரே செய்யும், வீட்டுக்குள் ஒரே நெட்வொர்க் இருக்கும். அப்புறம் எல்லாவற்றையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். சில மாடல்களில் இந்த முறையில் பிள்ளைகளுக்கான நேரக் கட்டுப்பாடு இயங்காது. வீட்டில் அதைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. பழைய ரவுட்டரைக் கழற்றிவிட யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். யூனிஃபை இணைய இணைப்பில் விலான் (ஒரே கம்பியில் போக்குவரத்தைத் தனித்தனியாகப் பிரிக்கும் முறை) அமைக்க வசதியுள்ள ரவுட்டர்தான் அந்த இடத்தில் வேலை செய்யும்.

மூன்றாவது எண் ஒன்றாகவே இருந்தும் தெரியவில்லையா? மடிக்கணினி விருந்தினருக்கான 'கெஸ்ட்' வைஃபையில் இருக்கலாம், அது வீட்டுச் சாதனங்களை வேண்டுமென்றே மறைக்கும். அல்லது விண்டோஸ் உங்கள் வைஃபையை 'பப்ளிக்' என்று வைத்திருக்கும், 'பிரைவேட்' ஆக்குங்கள். விண்டோஸ் 11 புரோவில் 24எச்2 பதிப்பு வந்திருந்தால் பாஸ்வேர்டு இல்லாத ஷேர் ஃபோல்டர் திறக்காது. கீழ்க் கணினியில் பாஸ்வேர்டுடன் ஒரு பயனர் கணக்கு உருவாக்கி, அதைக் கொடுத்து நுழையுங்கள். ஃபயர்வாலை அணைக்கச் சொல்லி யாராவது ஆலோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

திருப்பிக் கொடுப்பது பற்றி: பொருளில் குறையில்லை, ஆகவே பணத்தைத் திருப்பிக் கேட்க வலுவான காரணம் இல்லை. பெட்டியில் ஆக்சஸ் பாயிண்ட் முறை உண்டு என்று அச்சிட்டு, உள்ளே அது இல்லையென்றால் கதை வேறு. அப்போது 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற பலகைகூட 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையைப் பறிக்க முடியாது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டணத்தில் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் பதியலாம். ரசீதையும் பெட்டியையும் அதுவரை தூக்கிப் போடாதீர்கள்.