கேள்வி–பதில்: டெல்லி வெயிலும் சென்னைப் புழுக்கமும்

கேள்வி: ஏப்ரலில் டெல்லிக்கு மாற்றலாகிப் போகிறோம். சென்னையில் வாங்கிய ஏர்கூலர் இங்கே ஒரு நாளும் உருப்படியாகக் குளிர்ந்ததில்லை. கூடவே கொண்டுபோகலாமா, விற்றுவிடலாமா? (வேளச்சேரி வாசகி)

பதில்: தாராளமாகக் கொண்டுபோங்கள். கோளாறு கூலரில் இல்லை, சென்னைக் காற்றில் இருக்கிறது. தண்ணீர் ஆவியாகும்போது காற்றின் சூட்டை இழுத்துக்கொள்ளும். கூலர் செய்வது அவ்வளவுதான். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் தண்ணீர் எங்கே ஆவியாகும்?

எவ்வளவு குளிரும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். டெல்லியில் மே மாத மதியம் 42 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்று வையுங்கள். அந்த எல்லை 24 டிகிரி. நல்ல பேட் (தண்ணீரில் நனைந்து காற்றைக் குளிர்விக்கும் திரை) போட்ட கூலர் இந்த 18 டிகிரி இடைவெளியில் முக்கால் பங்கு இறக்கும். அறைக்குள் 28, 29 டிகிரியில் காற்று வரும். சென்னையில் 36 டிகிரி, 65 சதவீதம் என்றால் எல்லையே 30. அதே கூலர் 31, 32 டிகிரிக்குக் கீழே இறக்காது. வருகிற காற்றும் ஈரக்காற்று என்பதால் வியர்வை காயாது.

பலர் டெல்லியிலும் ஒரு தப்பு செய்கிறார்கள்: கூலரை அறைக்குள் வைத்துக் கதவு, ஜன்னலைச் சாத்திவிடுவது. அரை மணியில் அறையே சென்னையாகிவிடும். கூலரின் முதுகு ஜன்னலுக்கு வெளியே இருக்கட்டும். எதிர்ப்பக்க ஜன்னலைச் சற்றே திறந்து வையுங்கள். வறண்ட காற்றில் 50 லிட்டர் தொட்டி விடியும்வரை தாங்காமல் போகலாம். தண்ணீர் தீர்ந்தும் ஓடினால் பம்ப் கருகிவிடும். படுக்கும் முன் நிரப்புங்கள். உப்புத் தண்ணீரானால் பேடில் வெள்ளையாகப் படிந்து காற்றை அடைக்கும். வாரம் ஒருமுறை தொட்டியை முழுதும் வடித்துத் தேய்த்துக் கழுவுவதைத் தள்ளிப்போடவே கூடாது. டெங்கு கொசு அங்கேதான் முட்டையிடும்.

ஜூன் கடைசியில் டெல்லியைப் பருவமழை எட்டும். அதிலிருந்து செப்டம்பர்வரை அங்கும் கூலர் சரிப்படாது, மின்விசிறியே மேல்.

கேள்வி: நாடு முழுக்கத் தென்மேற்குப் பருவமழை பெய்யும்போது பல்லடத்தில் காற்று மட்டும் அடிக்கிறதே, ஏன்? (பல்லடம் வாசகர்)

பதில்: அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போது குளிர்ந்து மழையாகக் கொட்டிவிடுகிறது. கிழக்கே இறங்கும்போது சூடேறி வறண்டுபோகிறது. வால்பாறை மலையிலுள்ள சின்னக்கல்லாறு நனைவதும் சமவெளி காய்வதும் இதனால்தான். மகாராஷ்டிராவிலும் இதே கதை: மகாபலேஷ்வரில் ஆண்டுக்கு 5,000 மி.மீ.க்கு மேல் பெய்யும். சுமார் 30 கி.மீ. கிழக்கே உள்ள வாய் நகரில் அதில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கிடைக்காது.

உங்கள் ஊர்க் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே வருவது. இடுக்கு வழியே நெருங்கிப் பாய்வதால் வேகம் கூடுகிறது. மலை ஏற வேண்டிய தேவை இல்லாததால் மழை கூடுவதில்லை. காற்றாலைக்கு ஏற்ற காற்று அது. விதைப்பை ஜூன் காற்றை நம்பிச் செய்யாதீர்கள். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர்வரை, காற்று திரும்பி வங்கக்கடலிலிருந்து வரும்போதுதான் கிடைக்கிறது.

கேள்வி: கடலோரத்தில் 38 டிகிரிக்கே வெப்ப அலை என்கிறார்கள், நாக்பூரில் 43 டிகிரிக்கும் இல்லை. இது என்ன கணக்கு? (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் இரண்டு நிபந்தனைகள் சேர வேண்டும். உச்ச வெப்பநிலை சமவெளியில் 40, கடலோரத்தில் 37, மலையில் 30 டிகிரியைத் தொட வேண்டும். அந்த இடத்தின் வழக்கமான அளவைவிட குறைந்தது 4.5 டிகிரி கூடுதலாகவும் இருக்க வேண்டும். நாக்பூருக்கு மே மாதத்தில் 42, 43 சாதாரணம். ஆனால் சமவெளியில் 45 டிகிரியைத் தொட்டால் வழக்கத்தைப் பார்ப்பதில்லை, அதுவே வெப்ப அலை. கடலோரத்தில் 38 டிகிரியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஈரப்பதத்தால் உடம்புச் சூடு இறங்காது. உப்பளத்திலும் கட்டட வேலையிலும் நிற்பவர்களுக்கு அது உயிராபத்து.

கேள்வி: ஜனவரியில் பஞ்சாபில் மழை எப்படி? (மதுரை மாணவி)

பதில்: மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் என்னும் மழை தரும் காற்றுச் சுழல்களால். கோதுமைக்கு அது அமுதம். அதுவே மார்ச் கடைசியில் ஆலங்கட்டியோடு வந்தால் முற்றிய கதிர் சாய்ந்துவிடும்.

கேள்வி: மாடியில் வாளி வைத்து மழை அளக்கிறேன். செய்தியில் சொல்லும் அளவோடு ஒத்துப்போவதே இல்லை. (கடலூர் வாசகர்)

பதில்: வாளி மேலே அகலம், கீழே குறுகல். அதில் ஸ்கேல் வைத்து ஆழம் பார்த்தால் மழை அதிகமாகவே காட்டும். தண்ணீரை மில்லிலிட்டரில் அளந்து, வாயின் பரப்பால் (சதுர செ.மீ.) வகுத்து, பத்தால் பெருக்குங்கள், மி.மீ. கிடைக்கும். வாய் 20 செ.மீ. விட்டமானால் பரப்பு 314. ஆக 314 மில்லி தண்ணீர் 10 மி.மீ. மழை. கைப்பிடிச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். சுவரின் உயரத்தைப்போல் இரு மடங்கு தள்ளி வையுங்கள்.

நேரமும் முக்கியம். அதிகாரப்பூர்வ அளவு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. நேற்று இரவு கொட்டியது இன்றைய தேதியில்தான் பதிவாகும்.