வராத பிள்ளைக்குப் பூச்சியம் போடலாமா?

ஐயா,

மகள் எழுதிய கணினி நிரலையும் கடிதத்தோடு அனுப்பியது நல்லதாயிற்று. வவுனியாவில் நடந்த ஆட்சேர்ப்புத் தேர்வில் நிரல் பாதியில் நின்றுவிட்டது, இனி இந்தத் துறை வேண்டாம் என்று பிள்ளை சொல்கிறாள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நின்றதற்கான காரணத்தைப் பார்த்தேன். அதற்காகத் துறையை மாற்ற வேண்டியதில்லை.

மாணவர் பெயரைக் கொடுத்தால் கணிதப் புள்ளியைத் தரும் டிக்‌ஷனரி ஒன்றைப் பைதன் என்ற கணினி மொழியில் அமைத்திருக்கிறாள். இடாப்பில் பெயருள்ள ஒரு மாணவன் பரீட்சைக்கு வரவில்லை. ஆகவே டிக்‌ஷனரியில் அவன் பெயர் இல்லை. சதுர அடைப்புக்குள் அந்தப் பெயரை இட்டுக் கேட்டதும் 'கீஎரர்' (KeyError), அதாவது அந்தப் பெயர் இல்லை என்று காட்டி நிரல் நின்றுவிட்டது. பைதன் அப்படித்தான் நிற்க வேண்டும். இல்லாத ஒன்றுக்கு அது தானாக எதையாவது இட்டு நிரப்பியிருந்தால் அல்லவா ஆபத்து!

இதற்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம், சதுர அடைப்புக்குப் பதிலாக 'கெட்' (get) என்ற கட்டளையால் கேட்பது. பெயரோடு 0 என்றும் சேர்த்துக் கொடுத்தால், பெயர் இல்லாதபோது 0 கிடைக்கும். 0 கொடுக்க மறந்தால் None, அதாவது 'எதுவுமில்லை' என்பது கிடைக்கும். அதைக் கூட்டப்போகும் வரியில் நிரல் வேறொரு பிழையோடு நின்றுவிடும். மகள் இரண்டாம் முறை செய்தது இதைத்தான். பிறகு 0 சேர்த்திருக்கிறாள், நிரலும் ஓடியிருக்கிறது. ஆனால் தேர்வாளர் கேள்வி கேட்டதே அங்குதான் என்று எழுதியிருக்கிறீர்கள். சரியான கேள்விதான். மூன்று பாடங்களில் 60, 70, 80 எடுத்துவிட்டு நான்காவதற்கு வராத பிள்ளைக்கு 0 போட்டால் சராசரி 52.5. எழுதிய பாடங்களை மட்டும் எடுத்தால் 70. வராததும் பூச்சியம் எடுத்ததும் ஒன்றல்ல என்பது இடாப்பு எழுதும் எந்த ஆசிரியருக்கும் தெரியும். கணினிக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

எங்கும் 0 கூடாது என்பதல்ல. காலபோக அறுவடையில் எந்தக் கமக்காரர் எத்தனை மூடை கொண்டுவந்தார் என்று கூட்டும் நிரலில், முதல் மூடை வரும்வரை அவர் பெயர் இராது. அங்கே 0 இலிருந்து தொடங்குவதே முறை. அதற்கென்றே, பெயர் இல்லாதபோது நாம் சொன்ன தொடக்க மதிப்பை இடும் 'டிஃபால்ட்டிக்ட்' (defaultdict) என்ற வசதி 2006 இல் வந்த பைதன் 2.5 பதிப்பிலிருந்து இருக்கிறது. அதில் ஒரு வில்லங்கம்: சதுர அடைப்பில் ஒரு பெயரைக் கேட்டாலே அந்தப் பெயர் பதிவாகிவிடும். எழுத்துப்பிழையோடு கேட்டால் இல்லாத கமக்காரர் ஒருவர் பட்டியலில் ஏறிவிடுவார். 'கெட்' அப்படிச் சேர்ப்பதில்லை. (வகுப்புகளில் இதை ஏன் அழுத்திச் சொல்வதில்லை என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.)

கொழும்பில் பெருந்தொகை கட்டிப் படிக்கும் பயிற்சி பற்றியும் கேட்டீர்கள். நகையை அடகு வைத்து அனுப்ப வேண்டாம். உயர்தரப் பெறுபேறு இடம் கொடுத்தால் வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. முன்பு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்து 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமானது. அங்கே பிரயோக விஞ்ஞான பீடத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கலாம். இல்லாவிட்டால் கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தூரமா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இந்த மாதம் மகளுக்கு ஒரே வேலை. அதே நிரலைத் திருப்பி எழுதட்டும். வராதவர்களுக்கு 'சமூகமளிக்கவில்லை' என்று அச்சிட்டு, அவர்களைச் சராசரியில் சேர்க்காமல், எத்தனை பேர் விடுபட்டார்கள் என்பதைக் கடைசி வரியில் காட்டட்டும். அடுத்த நேர்முகத்துக்கு அந்தத் தாளையும் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள்.