20 ஆண்டு வயதுள்ள காகிதப்பூ மரத்தைத் தோட்டத்திலிருந்து தோண்டி எடுத்துப் போன்சாயாக வளர்க்க முடியுமா?

தாராளமாக முடியும். வரும் மாசியில் வீட்டை இடித்துக் கட்டப்போவதாகவும், சுற்றுச்சுவரோரம் நிற்கும் மரத்தின் அடித்தண்டு ஏறத்தாழ 5 அங்குலத் தடிமன் இருப்பதாகவும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். சிறிய தொட்டியில் வேர் ஒடுங்கிவிட்டால் தண்டு பருப்பது ஏறக்குறைய நின்றுவிடும் என்பதால், அந்தத் தடிமனை ஒரு நாற்றிலிருந்து தொட்டியிலேயே வளர்த்துப் பெறுவது நடக்கிற காரியமில்லை. என் மொட்டைமாடியில் உள்ள காகிதப்பூக்களில் பெரும்பாலானவை இப்படி இடிக்கப்பட்ட வீடுகளின் வாசலிலிருந்து, உரியவர்களிடம் கேட்டு எடுத்துவந்தவைதான்.

தோண்டுவதற்கு முன் மரத்தின் அடியைப் பாருங்கள். கிளைகள் எப்படி இருந்தாலும் கவலை வேண்டாம். அவை எல்லாவற்றையும் வெட்டத்தான் போகிறோம், இரண்டு மூன்று ஆண்டுகளில் புதியவை வந்துவிடும். ஆனால் தரைமட்டத்திலிருந்து அரையடி உயரம் வரை தண்டு எப்படி இருக்கிறதோ, கடைசிவரை ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். ஒரு சிறிய கொத்தால் மேல்மண்ணை இரண்டு மூன்று அங்குலம் விலக்கி, வேர்கள் எங்கிருந்து பிரிகின்றன, எல்லாப் பக்கமும் பரவியிருக்கின்றனவா, தண்டு அடியில் அகன்று மேலே போகப் போகச் சிறுக்கிறதா என்று பாருங்கள். சுவரோரத்து மரங்களில் சுவர்ப்பக்கம் வேரே இல்லாமல் தட்டையாக இருப்பது வழக்கம். அந்தப் பக்கத்தைப் பின்புறமாக வைத்துக்கொண்டால் போதும். அடியிலிருந்து நுனிவரை ஒரே பருமனாக, குழாய்போல நேராக நிற்கும் தண்டானால், அதற்குப் பாடுபட வேண்டாம் என்றே சொல்வேன்.

மாசி மாதம் இதற்கு நல்ல பருவம். மழைக்காலத்து ஈரம் வடிந்து, வெயில் ஏறத் தொடங்கி, மரம் துளிர்விடத் தயாராகும் நேரம் அது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தோண்டினால், வெட்டுப்பட்ட வேர்கள் ஆறுவதற்குள் அழுகிவிடும். உங்களுக்கு இன்னும் இரண்டு மாதங்கள் இருப்பதால், இப்போதே தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி, சுற்றுவட்டத்தில் பாதிக்கு மட்டும் பள்ளம் வெட்டி, குறுக்கே வரும் வேர்களைக் கைரம்பத்தால் சீராக அறுத்து, பள்ளத்தை மணலும் மட்கிய எருவும் கலந்து மூடிவிடுங்கள். மாசிக்குள் அறுத்த இடங்களில் மெல்லிய வேர்கள் வந்திருக்கும். அவகாசம் இல்லாதவர்கள் ஒரேயடியாகத் தோண்டினாலும் காகிதப்பூ பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். மா, பலா போன்றவற்றை இப்படி நம்பித் தோண்ட முடியாது.

எடுக்கும் நாளில் முதலில் கிளைகளைக் கழித்துவிடுங்கள். முள் கையைக் கிழிக்கும் என்பதால் தடித்த தோல் கையுறை கட்டாயம். கழித்த கிளைகளில் கட்டைவிரல் பருமன் உள்ளவற்றை முக்கால் அடித் துண்டுகளாக்கி மணலில் நட்டுவையுங்கள். தாய்மரத்துக்கு ஏதேனும் நேர்ந்தால் அதே வகை உங்களிடம் இருக்கும். தண்டைப் பொறுத்தவரை, முழுமையான போன்சாயின் உயரம் அடித்தடிமனைப்போல் 6 மடங்கு இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு. உங்கள் மரத்துக்கு அது 30 அங்குலம். அதற்காக 30 அங்குலத்தில் வெட்டக் கூடாது. 12 அங்குலத்தில் வெட்டி, அதற்கு மேல் வரும் ஒரு துளிரைப் புதிய தலைக்கிளையாக வளர்த்தால்தான் மேலே சிறுத்துப்போகும் வடிவம் கிடைக்கும். முதல் வெட்டை மட்டும் 15 அங்குலத்தில் வையுங்கள், ஏனென்றால் வெட்டிய முனை சிறிது தூரம் கீழ்நோக்கிக் காயும்.

அந்த வெட்டுமுகத்தை உற்றுப் பாருங்கள். மற்ற மரங்களைப் போல இறுகிய வைரம் (முற்றிய நடுக்கட்டை) இருக்காது. ஈரம் கசியும் வெளிர் நிறத்தில், நாரும் சதையுமாக வளையம் வளையமாகத் தெரியும். (அந்த வளையங்களை எண்ணி வயதைக் கணக்கிட முடியாது, ஒரே ஆண்டில் பல வளையங்கள் உருவாகும்.) காய்ந்ததும் இந்தக் கட்டை நார்நாராகப் பிரிந்து, மழைநீரை உறிஞ்சி, உள்ளே பொக்கையாக அழுகத் தொடங்கும். ஆகவே வெட்டைச் சற்றுச் சாய்வாகப் போட்டு, கூர்மையான கத்தியால் ஓரத்தை வழவழப்பாக்கி, போர்டோ பசையையோ (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைத் தடுப்புப் பசை) உருக்கிய மெழுகையோ பூசுங்கள். பெரிய வேர்களின் வெட்டுகளையும் கத்தியால் சீராக்குவது அவசியம். கடப்பாரையால் நைந்த வேர் அழுகினால், அதற்கு நேர்மேலே உள்ள பட்டையும் சேர்ந்து காய்ந்துபோவது உண்டு.

வேர்களைத் தண்டிலிருந்து ஐந்தாறு அங்குலத்துக்குக் குறைத்து, நேர்கீழே இறங்கும் தடித்த வேரைத் தயங்காமல் அறுத்துவிட்டு, அடியில் நிறையத் துளைகள் உள்ள அகன்ற பிளாஸ்டிக் டப்பில் நடுங்கள். செங்கல்லை உடைத்துச் சலித்த சிறு ஜல்லி இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, கழுவிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு போதும். சல்லடையில் கீழே விழும் தூளைச் சேர்க்காதீர்கள், உரமும் வேண்டாம். தண்டு அசையாதபடி கம்பியால் டப்போடு இறுக்கிக் கட்டுவது மிக முக்கியம். புதிதாக வரும் வெள்ளை வேர்கள் லேசான ஆட்டத்துக்கே ஒடிந்துவிடும். பிறகு நிழல்வலைக்குக் கீழே வைத்து, தண்டின்மேல் ஒரு பெரிய கண்ணாடித்தாள் பையைக் கவிழ்த்துக் கட்டி, மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர் விடுங்கள்.

சில வாரங்களில் பட்டையைப் பிளந்துகொண்டு செம்மை கலந்த பச்சையில் துளிர்கள் வரும். மரம் பிழைத்துவிட்டது என்று அப்போதே முடிவுகட்ட வேண்டாம். தண்டில் சேமித்த உணவைக் கொண்டே, வேர் இல்லாமலும் காகிதப்பூ துளிர்க்கும். சேமிப்பு தீர்ந்ததும் ஒரே நாளில் வாடித் தொங்கும். இலைகள் முழு அளவை எட்டி, துளிர்கள் ஒரு சாண் நீண்டு, அடியில் முற்றத் தொடங்கிய பிறகே பையைச் சிறிது சிறிதாகத் திறந்து, வெயிலுக்குப் பழக்கி, நீர்த்த உரம் கொடுக்கத் தொடங்குங்கள்.

முதல் ஆண்டு முழுவதும் கவாத்து செய்யாமல் விடுங்கள். எவ்வளவு இலை இருக்கிறதோ அவ்வளவு வேர் வரும். வேண்டாத கிளைகளை இரண்டாம் ஆண்டில் நீக்கலாம். கம்பி சுற்றுவதற்கு மட்டும் அதுவரை காத்திருக்க வேண்டாம். காகிதப்பூக் கிளை முற்றினால் வளையாது, ஒடிந்துவிடும். வைத்துக்கொள்ளப் போகும் கிளைகளை, பென்சில் பருமன் ஆவதற்குள் அலுமினியக் கம்பியால் தளர்வாகச் சுற்றி வளைத்துவிடுங்கள். கம்பி பட்டையில் பதிகிறதா என்று வாரந்தோறும் பார்க்க வேண்டும்.

மூன்றாம் ஆண்டு வாக்கில் வேர்களை மேலும் குறைத்து, ஆழம் குறைந்த போன்சாய்த் தட்டுக்கு மாற்றலாம். பூக்க வேண்டுமானால் நாள் முழுவதும் வெயில் படும் இடத்தில் வைத்து, இலைகள் லேசாகத் தொய்யும்வரை தண்ணீரைக் குறைத்துக் கொடுங்கள். புதுத் துளிர்களில்தான் பூ வரும் என்பதால் ஒவ்வொரு பூப்பருவமும் முடிந்ததும் நுனிகளை வெட்டிவிட வேண்டும். அடைமழை நாள்களில் தட்டின் ஒரு பக்கத்துக்குக் கீழே செங்கல்லை வைத்துச் சாய்த்துவிட்டால் தண்ணீர் தேங்காது.