பழைய ராணுவ ஜீப்பின் எஞ்சின் அசலா என்று எப்படி அறிவது? மாற்று எங்கே கிடைக்கும்?

தேவகோட்டை வீட்டுக் கார் கொட்டகையில் பல்லாண்டுகளாக நிற்கும் வில்லிஸ் ஜீப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முதலில் பானெட்டைத் திறந்து, எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டைப் பாருங்கள். அது தட்டையாக, மேலே வால்வு மூடி ஏதுமின்றி, ஸ்பார்க் பிளக்குகள் நேராக நிற்க இருந்தால், இரண்டாம் உலகப் போர்க்காலத்துக் 'கோ டெவில்' எஞ்சின். தகர மூடியும், ஹெட்டின் மீதே அமர்ந்த கார்புரேட்டரும் தென்பட்டால், பின்னாளில் வந்த 'ஹரிக்கேன்'. இரண்டுமே 134 கன அங்குலம், அதாவது சுமார் 2.2 லிட்டர் என்பதால், கொள்ளளவு துணைக்கு வராது. மகிந்திராவின் சி.ஜே. 3பி ஜீப்புகளில் இருந்தது இரண்டாவது வகை. அது உயரமானது என்பதற்காகவே அந்த வண்டியின் பானெட் உயர்த்தப்பட்டது. ஆகவே போர்க்கால வண்டியின் தாழ்ந்த பானெட்டுக்குள் அது அடங்காது.

எஞ்சின் எண், எஞ்சினின் உடற்பகுதியான பிளாக்கின் வலப்புற முன்மேல் மூலையில் பொறிக்கப்பட்டிருக்கும். மண்ணெண்ணெயால் கிரீஸைத் துடைத்துவிட்டுச் சாக்பீஸைத் தேய்த்தால் எழுத்து தெளியும். எம்.பி. என்று தொடங்கினால் வில்லிஸ், ஜி.பி.டபிள்யூ. என்றால் அதே ஜீப்பைப் போர்க்காலத்தில் தயாரித்த ஃபோர்டு. ஃபோர்டு வண்டியில் சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஒன்றாகவே தரப்பட்டன. வில்லிஸில் அவை வேறுபடுவது குறையன்று. காரைக்குடி பழம்பொருள் கடைகளில் கிடைக்கும், வண்டி எண் பொறித்த பித்தளைத் தகடுகளை நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

மாற்று எஞ்சினுக்குச் சென்னை புதுப்பேட்டையிலும் டெல்லி மாயாபுரியிலும் விசாரிக்கலாம். எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்ப்பாதையில் விரிசல் இல்லையென உறுதிசெய்த பிறகே பணம் கொடுங்கள். மாற்றிய எஞ்சின் எண்ணை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவுச் சான்றில் ஏற்றியாக வேண்டும் என்பதால், விற்றவரிடம் ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள்.