பேரிடரில் உயிர் கொடுத்த தீயணைப்பு வீரர்களுக்கு நாம் செய்யக்கூடிய உண்மையான மரியாதை எது?

கேள்வி கேட்டவர், "ஏப்ரல் 14 அன்று மலர்வளையம் வைத்து மௌன அஞ்சலி செலுத்துகிறோம். அதைத் தாண்டி சாதாரண மக்கள் ஏதாவது செய்ய முடியுமா?" என்றும் கேட்டிருக்கிறார். முடியும். என் அப்பா பணி ஓய்வு பெறும்வரை தீயணைப்புத் துறையில் இருந்தவர். அந்த வீட்டில் வளர்ந்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்தத் தேதி. 1944 ஏப்ரல் 14, இரண்டாம் உலகப் போர்க் காலம். பம்பாய் விக்டோரியா கப்பல்துறையில் ஃபோர்ட் ஸ்டைகின் என்ற சரக்குக் கப்பல் நின்றிருந்தது. அதற்குள் சுமார் 1,400 டன் வெடிபொருள். அதே கப்பலில் கராச்சியில் ஏற்றிய பஞ்சுப் பொதிகள் ஆயிரக்கணக்கில். வெடிமருந்தோடு பஞ்சை ஏற்றக் கூடாது என்பது யாருக்கும் தெரியாத விஷயமல்ல, ஆனால் போர் நேரத்தில் இடமும் அவசரமும் எல்லா விதியையும் தள்ளிவிட்டன. வெடிபொருள் இருப்பதைக் காட்டும் சிவப்புக் கொடிகூடக் கப்பலில் பறக்கவில்லை. மதியம் இரண்டு மணிவாக்கில் புகை தெரிந்தது. தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள், தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். கப்பலைக் கடலுக்குள் இழுத்துச் செல்வதா, நின்ற இடத்திலேயே மூழ்கடிப்பதா என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் முடிவெடுக்கவில்லை. 4 மணி 6 நிமிடத்துக்கு முதல் வெடிப்பு. அரை மணி நேரத்துக்குள் இரண்டாவது. இறந்தவர்கள் 800 முதல் 1,300 பேர் வரை என்கிறார்கள். அவர்களில் 66 பேர் தீயணைப்பு வீரர்கள். அவர்கள் நினைவாகத்தான் அந்த நாள் தேசிய தீயணைப்பு சேவை தினம் ஆனது.

அந்த 66 பேரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு அடங்காத விஷயம் ஒன்று உண்டு. கப்பலில் என்ன இருக்கிறது என்பது அங்கே போன பிறகு அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் குழாயைக் கீழே போடவில்லை. காலடியில் கப்பலின் இரும்புத் தகடு கொதிக்கிறது, ஊற்றும் தண்ணீர் ஆவியாகிறது, ஓடிப்போனால் யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனாலும் நின்றார்கள். வீரம் என்று எதைச் சொல்கிறோமோ அது இதுதான்.

பின்னால் வந்தவர்களுக்கு அந்தத் தகவல்கூடக் கிடைக்கவில்லை. 1947 ஏப்ரல் 16, அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி துறைமுகம். அம்மோனியம் நைட்ரேட் ஏற்றிய கப்பலில் தீ. அதை உரம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், வெடிக்கும் என்று பயப்படவில்லை. கரையில் கூட்டம் கூடி வேடிக்கை பார்த்தது. அந்த ஊரின் 28 தன்னார்வத் தீயணைப்பு வீரர்களில் 27 பேர் ஒரே நொடியில் போனார்கள். 2015 ஆகஸ்ட் 12, சீனாவின் தியான்ஜின் துறைமுகக் கிடங்கு. உள்ளே எந்த ரசாயனம் எவ்வளவு என்று சரியாகத் தெரியாமலே உள்ளே போன 100க்கும் மேற்பட்ட தீயணைப்பு வீரர்கள் திரும்பவில்லை.

2020 ஆகஸ்ட் 4, லெபனான் நாட்டின் பெய்ரூட். துறைமுகத்தின் 12ஆம் எண் கிடங்கில் தீ என்று அழைப்பு வருகிறது. ஒன்பது தீயணைப்பு வீரர்களும் ஒரு மருத்துவ உதவியாளரும் கிளம்புகிறார்கள். அந்த மருத்துவ உதவியாளர் அடுத்த ஆண்டு திருமணம் ஆகவேண்டிய பெண். வீரர்களில் மூன்று பேர் ஒரே குடும்பம். அவர்களில் சிலர் கிடங்கின் கதவை உடைக்க முயலும் படம் ஒன்று இருக்கிறது, முதுகுதான் தெரியும். அந்தக் கதவுக்குப் பின்னால் கிட்டத்தட்ட ஆறு ஆண்டுகளாகக் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட்டைப் பற்றி அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அதிகாரிகளிடம் கடிதப் போக்குவரத்து இருந்தது, கோப்பு இருந்தது. பத்துப் பேரும் இறந்தார்கள். (அந்தச் செய்தி வந்த பிறகுதான் நம் சென்னை மணலியில் 2015 முதல் கிடந்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் நம் நினைவுக்கு வந்தது, அவசரமாக ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள்.)

துறைமுகத்தை விடுங்கள், நம் தெருவுக்கு வருவோம். அப்பா ஃபயர் காலுக்குப் போனால் வண்டியை விட்டு இறங்கியதும் கேட்கும் கேள்விகள் மூன்று. உள்ளே ஆள் இருக்காங்களா? உள்ளே என்ன இருக்கு? கரண்டை நிறுத்தியாச்சா? முதல் கேள்விக்கும் மூன்றாவதுக்கும் ஜனங்கள் பதில் சொல்லிவிடுவார்கள். இரண்டாவதற்குத்தான் வாய் திறக்காது. ஒரு கிடங்குக்காரர் "வெறும் அட்டைப்பெட்டிதான் சார், வேற ஒண்ணும் இல்ல" என்று கையெடுத்துக் கும்பிட்டார். உள்ளே இருந்தது லைசென்ஸ் இல்லாமல் அடுக்கி வைத்த பெயிண்ட் தின்னர் டிரம்கள். அப்பாவோடு வேலை பார்த்த மாமா ஒருவர் குழாயோடு முன்னால் போனார். டிரம் வெடித்து, கையுறை உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது. உயிர் பிழைத்தார். ஆனால் விரல்கள் மடங்காது. இன்றைக்கும் அவர் சட்டைப் பொத்தானை அத்தைதான் போட்டுவிடுகிறார். அப்பாவுக்கு நெருப்பு மேல் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அந்தக் கும்பிட்ட கையை மட்டும் அவரால் மறக்க முடியவில்லை.

ஆகவே என் பதில் இதுதான்: உள்ளே என்ன இருக்கிறது என்று உண்மையைச் சொல்லுங்கள். இறந்த பிறகு வைக்கும் மாலையைவிட, உள்ளே போவதற்கு முன் சொல்லும் ஒரு வாக்கியம் அவர்களுக்குப் பெரிய மரியாதை. வீட்டில் கூடுதலாக ஒரு சிலிண்டர் இருந்தால் சொல்லுங்கள். கீழ்த்தளக் கடையில் பட்டாசோ பெட்ரோலோ இருந்தால் சொல்லுங்கள். அபராதம் போடுவார்கள் என்ற பயத்தில் மறைக்காதீர்கள், நீங்கள் மறைப்பது அவர்கள் உயிரோடு விளையாடுவது. கால்சியம் கார்பைடு மேல் தண்ணீர் அடித்தால் அசிட்டிலின் வாயு கிளம்பி எரியும். பெட்ரோல் தீக்கு வெறும் தண்ணீர் உதவாது, நுரை வேண்டும். எதை அடிப்பது என்ற முடிவே உங்கள் பதிலில்தான் தொங்குகிறது.

சாலையில் டேங்கர் லாரி கவிழ்ந்து கிடந்தாலும் இதேதான். அதன் பக்கவாட்டிலும் பின்னாலும் ஒரு பலகை இருக்கும், அதில் நான்கு இலக்க எண் எழுதியிருக்கும். 1203 என்றால் பெட்ரோல், 1075 என்றால் எல்.பி.ஜி. பக்கத்தில் போகாமல் தூரத்திலிருந்தே படிக்க முடிந்தால், 101க்கோ 112க்கோ பேசும்போது அந்த எண்ணைச் சொல்லிவிடுங்கள்.

வழிவிடுவதைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. தீயணைப்பு வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் வழிவிடாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 194இ பிரிவின்படி 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. சட்டத்துக்காக இல்லாவிட்டாலும் வழிவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். யாரை வீரர் என்று கணக்கில் சேர்க்கிறோம் என்பது. தியான்ஜினில் இறந்த தீயணைப்பு வீரர்களில் பெரும்பாலோர் துறைமுகத்தின் ஒப்பந்தப் பணியாளர்கள். அரசு முதலில் சொன்ன கணக்கில் அவர்கள் சரியாக இடம்பெறவே இல்லை. பெற்றோர்கள் செய்தியாளர் சந்திப்பு நடந்த இடத்துக்கே வந்து "எங்கள் பிள்ளைகள் எங்கே?" என்று கேட்ட பிறகுதான், எல்லோருக்கும் ஒரே மரியாதை என்று அறிவித்தார்கள். நம் ஊரிலும் வெள்ளத்தில் இடுப்பளவு நீரில் இறங்கி அடைப்பு எடுக்கும் தூய்மைப் பணியாளர், இரவெல்லாம் 108 ஓட்டும் ஓட்டுநர், புயல் ஓய்ந்த மறுநாள் கம்பத்தில் ஏறும் மின்வாரிய ஒப்பந்தத் தொழிலாளி, இவர்களில் பலருக்கு நிரந்தர வேலை கிடையாது. ஏதாவது ஆகிவிட்டால் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும் என்பது ஒப்பந்தத் தாளில் உள்ள வரிகளைப் பொறுத்தது. 'முன்களப் பணியாளர்' என்று கைதட்டிவிட்டு அந்த வரிகளைப் படிக்காமல் விடுவது எனக்குச் சம்மதமில்லை.

பிழைத்து வந்தவர்களும் இதில் சேர்த்திதான். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலில் 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அந்த இடிபாட்டுத் தூசியை வாரக்கணக்கில் சுவாசித்து வேலை செய்தவர்களில், புற்றுநோயாலும் நுரையீரல் நோயாலும் பின்னாளில் இறந்தவர்களின் எண்ணிக்கை இப்போது அந்த 343ஐயும் தாண்டிவிட்டது. அவர்களுடைய சிகிச்சைக்கு என்று தனிச் சட்டம் வரவே கிட்டத்தட்ட பத்து ஆண்டுகள் ஆயின. நோயாளிகளே நாடாளுமன்றத்தில் வந்து கெஞ்ச வேண்டியிருந்தது. புகை குடித்த நுரையீரல் பதக்கம் வாங்கிய அன்றோடு சரியாகிவிடுவதில்லை. மூச்சுக்கருவி ஒவ்வொருவருக்கும் இருக்கிறதா, பணி ஓய்வுக்குப் பிறகும் மருத்துவப் பரிசோதனை உண்டா என்று கேட்பது நம் வேலை. உங்கள் தொகுதி எம்.எல்.ஏ. ஓட்டுக் கேட்டு வரும்போது கேட்கலாம்.

ஏப்ரல் 14லிருந்து 20 வரை தீயணைப்பு வாரம். அந்த நாட்களில் பல நிலையங்களில் செயல்விளக்கம் நடத்துவார்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போங்கள், வண்டியில் ஏறிப் பார்க்கட்டும். அப்படியே நிலைய அலுவலரிடம் "எங்க தெருவுக்குள்ள உங்க வண்டி வருமா சார்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் வராது என்பார், எந்த வளைவில் நிற்கும் கார்கள் இடைஞ்சல், எந்த கேட் அகலம் போதாது என்றும் சொல்லுவார். அதைக் குறித்துக்கொண்டு வந்து அடுத்த குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் முதல் விஷயமாகப் பேசுங்கள்.